எழுதாத வசனம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்றங்கால் விட்டாயிற்று. அம்மா நலம்.

நேற்று போனில் நீ அழுதது மனதைவிட்டுப் போகவில்லை. ராத்திரி கண் விழித்து நீ எழுதிய நாலு வரி வசனத்தைப் பேசாமல், தகப்பனாக நடித்தவர் "சாப்டியாம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டார், டைரக்டரும் ஓகே சொல்லிவிட்டார் என்றாய். எனக்கு அப்போது பேச வரவில்லை.

டூரிங் கொட்டகையில் நான் ஆப்பரேட்டராக இருந்தபோது திருவிளையாடல் வந்தால் கூட்டம் தாங்காது. 1965-இல் வந்த படம். எங்களிடம் வந்து சேரும்போது பிரிண்டில் கீறல் மழையாகக் கொட்டும். தருமி கோயிலில் தனியாகப் புலம்பும் கட்டம் வந்ததும் புரொஜெக்டர் விளக்கின் கார்பன் குச்சியைச் சரிசெய்துவிட்டு, சதுர ஓட்டை வழியாக மணலில் உட்கார்ந்திருக்கும் ஜனங்களைப் பார்ப்பேன். பகலெல்லாம் நடவு நட்டு இடுப்பொடிந்து வந்த பெண்கள், நாகேஷ் வாய் திறக்கும் முன்பே சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

அந்தப் புலம்பலை யாரும் எழுதித் தரவில்லை. சிவாஜி வருவாரா, மாட்டாரா என்று செட்டில் இரண்டு உதவி இயக்குநர்கள் பேசியது நாகேஷ் காதில் விழ, அதையே பிடித்துக்கொண்டு பேசிவிட்டார். பேசியது யார் பார்த்தாயா? உன் வேலையில் இருந்தவர்கள். நாகேஷ் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார் என்று தெரிந்தும், அதை வெட்டக் கூடாது என்று டைரக்டர் ஏ.பி. நாகராஜனிடம் சொன்னவர் சிவாஜி. நம்ம சூரக்கோட்டைக்காரர் என்பதற்காகச் சொல்லவில்லை, அது பெரிய மனசு.

போன தீபாவளிக்கு நீ போட்டுக் காட்டிய ஜாஸ் (1975) படத்திலும் அப்படித்தான். சுறாவைக் கிட்டத்தில் பார்த்த ராய் ஷைடர் பின்பக்கமாகவே நகர்ந்து வந்து, இதைவிடப் பெரிய படகு வேண்டும் என்கிறாரே, அது யூனிட் ஆட்களின் பேச்சு. சாமான் ஏற்றிய மிதவைக்குக் கூட வந்த துணைப்படகு போதவில்லை என்று சலித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அவர் அதை வேறு இடங்களிலும் சொல்லிப் பார்த்தாராம். ஆனால் எல்லோருக்கும் நினைவில் நிற்பது அந்த இடம்தான். அதுவரை சுறாவை முழுசாகக் காட்டாமல் இழுத்து வந்த கதை இல்லையென்றால் அந்த வரிக்கு என்ன வேலை?

பட்டுக்கோட்டைப் பக்கம் வள்ளி திருமணம் நாடகம் பார்க்க உன்னைத் தோளில் தூக்கிப் போனேனே, ஞாபகமிருக்கா? வள்ளியும் நாரதரும் ஒத்திகை பார்த்தவர்களில்லை. மேடையில்தான் சந்திப்பார்கள், தர்க்கம் விடிய விடியப் போகும். இரண்டு பேருக்கும் நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் பாட்டு மனப்பாடம். அந்தத் தைரியத்தில்தான் ஒருவர் கேட்க, ஒருவர் மடக்குவது.

அந்த "சாப்டியாம்மா" நல்ல வரி, கண்ணு. மகளிடம் பணம் கேட்க வந்த தகப்பன் கூசிப்போய் வாசலிலேயே நிற்கிறான் என்று நீ எழுதியிருக்காவிட்டால், அவர் வாயில் அது வந்திருக்காது. எங்கிருந்து வந்தது என்று அவரிடமே கேட்டுப் பார்.

அப்புறம், நீ எழுதிய அந்த நாலு வரியையும் எனக்கு அனுப்பு. நான் படிக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா
மன்னார்குடி