மழைக்காலத்தில் எஞ்சின் வேலை ஏன் தாமதமாகிறது

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி பிறந்ததிலிருந்து போனில் ஒரே கேள்விதான் வருகிறது: "ஒரு டைமிங் கவரைச் சுத்தம் செய்து பஃபிங் போட மூன்று வாரமா?" டைமிங் கவர் என்பது எஞ்சினின் பல்சக்கரங்களை மூடும் அலுமினிய மூடி, பஃபிங் என்றால் துணிச் சக்கரத்தில் தேய்த்துப் பளபளப்பாக்குவது. நியாயமான கேள்வி. தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

எங்கள் பட்டறைக்கு வருவதில் பெரும்பாலானவை பழைய 350 புல்லட் பைக்குகள், அப்புறம் கொஞ்சம் ஜாவா, யெஸ்டி. புல்லட்டில் பிஸ்டன் ஓடும் பிளாக் வார்ப்பிரும்பு. அதன் மேலே உட்காரும் ஹெட், கீழே இருக்கும் கூடான கிராங்க் கேஸ், கவர்கள் எல்லாம் அலுமினியம். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. இரும்பில் பிடித்த எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் காஸ்டிக் சோடா, அலுமினியத்தில் பட்டால் நுரைத்துக்கொண்டு உலோகத்தையே கரைக்கும். அதனால் கவர்களுக்கு மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறல், நைலான் பிரஷ், மூலைமுடுக்குக்கு மூங்கில் குச்சி, அவ்வளவுதான். இரண்டு பாகங்களுக்கு நடுவே கசியாமல் இருக்க வைத்த பழைய பேக்கிங்கை உளி வைத்துச் சுரண்ட மாட்டோம், ஒரு கீறல் விழுந்தாலும் அங்கே ஆயில் கசியும்.

மணல் பிளாஸ்டிங், அதாவது காற்றழுத்தத்தில் மணலைப் பாய்ச்சிச் சுத்தம், செய்துகொடுங்கள் என்று பலர் கேட்கிறீர்கள். சீக்கிரம் வெளுத்துவிடும், உண்மைதான். ஆனால் புல்லட் டைமிங் கவர் வெறும் மூடி இல்லை. இரண்டு ஆயில் பம்பும் அதில்தான் உட்கார்ந்திருக்கின்றன, பிக் எண்டுக்கு (பிஸ்டனோடு இணைந்த தண்டின் கீழ்முனை) போகும் எண்ணெயும் அதற்குள் இருக்கும் துளை வழியாகத்தான் போகிறது. ஒருமுறை, வேறெங்கோ பிளாஸ்டிங் செய்து பூட்டிய எஞ்சின் ஒன்று பிக் எண்டு போய் எங்களிடம் வந்தது. துளைக்குள் கம்பியை விட்டுக் காற்றடித்தோம், மணல் கொட்டியது. அது கொண்டுவந்தவருடைய அப்பா ஓட்டிய வண்டி, அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றிலிருந்து எஞ்சின் பாகங்களில் மணலைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தோம்.

அப்புறம் நம்ம குன்னூர் மழை. பிளாக்கைக் கழுவி வைத்துவிட்டு டீ குடித்து வருவதற்குள் அதன் உட்சுவர் முழுக்கச் செம்பழுப்பாகத் துரு பூத்துவிடும், அதனால் ஈரம் போன அந்த நிமிடமே எண்ணெய் தடவுகிறோம். பிளாக்குக்குக் கறுப்புப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்றால் எண்ணெயும் இருக்கக்கூடாது, ஈரமும் இருக்கக்கூடாது. மேகம் வாசலில் நிற்கும் நாளில் அடித்தால் பெயிண்ட் மங்கிப்போய், பிறகு உரியும். வெயில் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

கவர்களை 400, 800, 1200 என்று படிப்படியாக நைசான வாட்டர் பேப்பர் (உப்புத்தாள்) போட்டுத்தான் துணிச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறோம். கிராங்க் கேஸைப் பளபளப்பாக்கக் கேட்காதீர்கள். அந்தச் சொரசொரப்போடு வார்த்ததுதான் அதன் அழகு. பஃபிங் மேல் லாக்கர் பூச்சும் வேண்டாம், ஓரத்தில் ஈரம் நுழைந்தால் அடியில் வெள்ளை பூக்கும். மாதம் ஒருமுறை மெழுகு போட்டுத் துடைத்தால் போதும்.

அவசரம் இல்லாதவர்கள் தை மாதத்தில் கொண்டுவாருங்கள். இப்போதே தருபவர்கள் பாகங்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டாமல் எண்ணெய்த் துணியில் சுற்றித் தாருங்கள், டைமிங் கவரைப் பம்புகளைக் கழற்றாமல் அப்படியே.

அன்புடன்,
பட்டறையிலிருந்து