ரட்டர் ஆடினால் கயிற்றை விடாதீர்கள்

அமெரிக்க கிளைடர் கிளப்புகளில் பயிற்சிக்குப் பொறுப்பானவர்களுக்கும் டோ பைலட்டுகளுக்கும்,

வணக்கம்.

இன்ஜின் இல்லாத கிளைடரைக் கயிறு கட்டி, டோ பிளேன் எனும் இன்னொரு விமானத்தால் மேலே இழுப்பதற்கு முன் இரண்டு விமானிகளும் பேசி முடிவு செய்திருக்க வேண்டும் என்பது வெறும் சம்பிரதாயம் இல்லை, சட்டம். புறப்படும் சைகை, கயிறு விடும் சைகை, வேகம், அவசரத்தில் யார் என்ன செய்வது என்று அமெரிக்க விமான விதி 91.309 பட்டியலே போடுகிறது. களத்திலோ இது "வழக்கம்போலத்தானே?" என்ற ஒரே கேள்வியில் முடிந்துபோகிறது. அந்த வழக்கம் என்னவென்று இருவரையும் தனித்தனியே கேட்டால் ஒரே பதில் வருமா? அதிலும் குறிப்பாக ஒரு சைகைக்காகத்தான் இந்த மடல்.

வானில் டோ பிளேன் இறக்கைகளை மாறி மாறிச் சாய்த்தால் 'உடனே கயிற்றை விடு' என்று பொருள். இறக்கை சாயாமல், வாலில் செங்குத்தாக இருக்கும் திசைத் தகடான ரட்டர் மட்டும் இடமும் வலமும் ஆடினால் 'உன் பக்கம் ஏதோ கோளாறு, பார்' என்று பொருள். பெரும்பாலும் ஏர்பிரேக், அதாவது கிளைடரை வேகமாக இறங்க வைக்க இறக்கையிலிருந்து எழும்பும் தகடுகள், திறந்திருக்கும். ஐரோப்பியக் கிளைடர்களின் நிறத்தில் சொன்னால், முதல் சைகைக்குக் கை கயிற்றை விடும் மஞ்சள் பிடிக்குப் போக வேண்டும், இரண்டாவதற்கு ஏர்பிரேக்கின் நீலப் பிடிக்கு. பதற்றத்தில் இரண்டுக்கும் மஞ்சளுக்கே போகிறது.

அதன் விளைவைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். ஏர்பிரேக்கைப் பூட்ட மறந்த கிளைடர் புல்தரையில் குலுங்கி ஓடும்போது பூட்டாத தகடுகள் லேசாகத் தூக்கும். வேகம் ஏற ஏற இறக்கையின் மேற்பரப்பு உறிஞ்சலே அவற்றை இழுத்துத் திறந்துவிடும். தகடுகள் இருப்பது விமானியின் தோளுக்குப் பின்னால்; அவர் கண்ணோ முன்னால் போகிற டோ பிளேன் மேல். பின்தொடர்வதில் அவருக்குப் பெரிய வித்தியாசமும் தெரியாது, கூடுதல் பளுவை இழுப்பது அடுத்தவர் இன்ஜின் அல்லவா. ஏற்றம் படுத்துவிட்டது டோ பைலட்டுக்குத்தான் தெரிகிறது. கண்ணாடியில் பார்க்கிறார், ரட்டரை ஆட்டுகிறார். பின்னாலிருப்பவர் கயிற்றை விட்டுவிடுகிறார். கயிறு இருந்தவரை மெதுவாகவாவது ஏறிக்கொண்டிருந்த கிளைடர் இப்போது 300 அடியில், பிரேக் விரிந்தபடியே, கல்லாக இறங்குகிறது. ஏன் இறங்குகிறது என்று விமானிக்கு இன்னும் தெரியாது.

இந்தக் குழப்பத்துக்கு விமானியின் மறதியை மட்டும் பழிப்பது நியாயமில்லை. தரையில் ரட்டரை ஆட்டினால் 'தயார், போகலாம்' என்று அர்த்தம். ஒவ்வொரு முறையும் அவர் பார்ப்பதும் செய்வதும் இதைத்தான். இறக்கை ஆட்டமோ இன்னும் மோசம். டோ பிளேன் ஆட்டினால் 'விடு'. கிளைடர் நேர் பின்னாலிருந்து ஆட்டினால் 'வேகத்தைக் கூட்டு'. அதே கிளைடர் இடப்பக்கம் ஒதுங்கி நின்று ஆட்டினால் 'கயிறு விடுபடவில்லை'. ஒரே அசைவுக்கு மூன்று பொருள்! இது போதாதென்று, ரட்டரை மட்டும் மிதித்தால் டோ பிளேனின் இறக்கையும் கொஞ்சம் சேர்ந்து சாயும். 200 அடிக் கயிற்றுக்குப் பின்னாலிருந்து பார்ப்பவருக்கு அது எப்படித் தெரியும் என்று யோசியுங்கள்.

ஆகவே டோ பைலட்டுகளிடம் கேட்பது: ரட்டரைக் கூச்சப்படாமல் அகலமாக ஆட்டுங்கள், எதிர் ஏலரான் (இறக்கையைச் சாய்க்கும் தகடு) கொடுத்து இறக்கையைச் சமமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். விமானம் துளியாவது ஏறுகிறது என்றால் 'விடு' சைகைக்கு அவசரப்படாதீர்கள். இறங்க இடமிருக்கிற பக்கமாக இழுத்துக்கொண்டே போங்கள். ரேடியோ இருந்தால் அதுதான் முதல் வழி. கிளைடரின் அழைப்புப் பெயரைச் சொல்லி, "ஸ்பாய்லரை மூடு" என்று முடியுங்கள் (ஸ்பாய்லர் என்றாலும் இங்கே ஏர்பிரேக்தான்). "ஸ்பாய்லர்!" என்று மட்டும் கத்தினால் திறக்கச் சொல்வதாகவும் கேட்கலாம். ரேடியோ சோதனையைக் கயிறு மாட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். யாரோ ஒருவரின் மைக் பொத்தான் சிக்கிக்கொண்டால் அலைவரிசையே அடைபட்டுவிடும், அதனால் சைகையைக் கைவிடவும் முடியாது.

பயிற்றுநர்களிடம் கேட்பது: ரட்டர் சைகையை வாய்க்கேள்வியாக மட்டும் வைக்காதீர்கள். சோதனைப் பறப்பில் டோ பைலட்டிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, 2,000 அடிக்கு மேல் அதை உண்மையிலேயே காட்டச் சொல்லுங்கள். மாணவரின் கை எங்கே போகிறது என்று பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

வேகம் பற்றி ஒரு சின்ன விஷயம், சின்னதாகத் தோன்றுவதால்தான் சொல்கிறோம். பழைய டோ பிளேன்கள் பலவற்றில் வேகமானி மைல் கணக்கு, கிளைடரில் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கு. "65 கொடுங்கள்" என்று கிளைடர்காரர் நாட்டை நினைத்துக் கேட்டு, முன்னாலிருப்பவர் மணிக்கு 65 மைலில் பறந்தால், கிடைப்பது 56 நாட்தான். எடை கூட்டத் தண்ணீர் ஏற்றிய கிளைடர் அந்த வேகத்தில் தள்ளாடும், ஏலரானும் மந்தமாகும். 'வேகத்தைக் கூட்டு' என்று இறக்கையை ஆட்டிக் கேட்க வேண்டிய அதே நேரத்தில் இறக்கை சொன்னபடி கேட்காது. எண்ணோடு அலகையும் சொல்லிவிட்டால் இந்தச் சிக்கலே எழாது.

கயிறு விடுபடாத நிலைக்கு நடைமுறை தெளிவாகவே இருக்கிறது: இடப்பக்கம் ஒதுங்கி இறக்கை ஆட்ட வேண்டும், டோ பிளேன் களத்துக்கு மேலே கொண்டுவந்து தன் பக்கத்தில் கயிற்றை விடும். அதில் மறந்துபோவது என்னவோ ஒன்றுதான். அந்தக் கயிறு முழுவதும் கிளைடரின் கீழே தொங்கும், வேலியிலோ கம்பியிலோ மாட்டாமலிருக்க உயரமாக வர வேண்டும். சாதாரணமாக விடும்போதும், பிடியை இழுத்த கையோடு திரும்பாமல், கயிறு போனதைக் கண்ணால் பார்த்த பிறகே கிளைடர் வலப்பக்கம் திரும்பட்டும். டோ பைலட்டும் ஒரு குலுக்கலை நம்பி இடப்பக்கம் சரியாமல், முதலில் கண்ணாடியைப் பார்க்கட்டும். தளர்ந்த கயிறு மறுபடி இறுகினாலும் அதே மாதிரிதான் குலுக்கும்.

கடைசியாக, சைகைக்கு நேரமே இல்லாத ஒரு நிலை. கிளைடர் மிகவும் உயர்ந்துபோனால் டோ பிளேனின் வாலைத் தூக்கி, மூக்கைத் தரைப் பக்கம் தள்ளிவிடும். சில நொடிகளில் முடிந்துவிடும் விஷயம் இது. தாழ்வான உயரத்தில் மீள இடமிருக்காது. அங்கே பேச்செல்லாம் தரையிலேயே நடந்திருக்க வேண்டும். "நீ என் பார்வையிலிருந்து மறைந்தால் நான் விடுவேன்" என்று கிளைடர்காரரும், "என் வால் தூக்கினால் உன்னைக் கேட்காமல் விடுவேன்" என்று டோ பைலட்டும் கயிறு மாட்டுவதற்கு முன் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும். இந்த இரண்டு வாக்கியங்களையும் உங்கள் புறப்பாட்டுச் சரிபார்ப்பு அட்டையில் இந்தப் பருவத்திலேயே அச்சிடுங்கள்.