பழக்கூடை அனுப்பியவர்

அன்புள்ள சரசுவுக்கு,

இங்கே நலம். அங்கே எல்லோரும் நலமா என்று எழுதப் போனேன், கை ஓடவில்லை. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்ததே எனக்குப் போன வாரம்தான் தெரியும், அதுவும் விஜயா வாயால். ஏண்டி, ஒரு போன் பண்ணக் கூடாதா? சரி, ஏழு மாதமாக நானும்தான் உனக்கு ஒரு வரி எழுதவில்லை, அதனால் அதிகம் திட்ட எனக்கு உரிமை இல்லை. இடுப்பு எலும்பு கூடிவிட்டதா, எழுந்து நடக்கிறார்களா, ராத்திரி தூங்குகிறார்களா, எல்லாம் விவரமாக எழுது.

எனக்குக் கண்புரை அறுவை முடிந்து ஆறு வாரம் ஆகிறது. இனி படிக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் அப்பாவின் அலமாரியிலிருந்து முதலில் எடுத்தது நேருவின் சுயசரிதை. அதில் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு ஒரு மாதமாக வெளியே வர முடியவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

1920, மே மாதம். நேரு, உடம்பு சரியில்லாத அம்மாவையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு முசௌரி போய் சவாய் ஓட்டலில் தங்கியிருக்கிறார். அதே ஓட்டலில் ஆப்கானிஸ்தான் தூதுக்குழு. முந்தின வருஷம்தான் அவர்களுக்கும் ஆங்கிலேயருக்கும் சண்டை நடந்திருக்கிறது, இப்போது பேச்சுவார்த்தைக்கு வந்திருக்கிறார்கள். நேரு அவர்களில் ஒருவரோடும் பேசவே இல்லை. இருந்தாலும் போலீஸ் அதிகாரி வந்து, ஆப்கானியரோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று உறுதி கொடுங்கள் என்கிறார். அந்த எண்ணமே இல்லாவிட்டாலும், கேட்டதற்காக எழுதிக் கொடுக்க மாட்டேன் என்கிறார் நேரு. ஊரைவிட்டு வெளியேறச் சொல்லி உத்தரவு வருகிறது. அம்மாவையும் மனைவியையும் அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்புகிறார். இரண்டு வாரம் கழித்து உத்தரவு ரத்தாகித் திரும்பி வந்தால், ஓட்டல் முற்றத்தில் அவருடைய குழந்தை ஒரு ஆப்கானியரின் கையில் இருக்கிறது! இரண்டரை வயது இந்திரா. விஷயத்தைக் கேள்விப்பட்ட தூதுக்குழுத் தலைவர் தினமும் நேருவின் அம்மாவுக்கு ஒரு கூடை பழமும் பூவும் அனுப்பி வந்திருக்கிறார்.

அந்தத் தலைவர் யார் என்று தேடினேன் சரசு. மஹ்மூத் தார்ஸி.

1865ல் கஜினியில் பிறந்தவர். அப்பா குலாம் முகம்மது ஒரு கவிஞர், 'தார்ஸி' அவருடைய புனைபெயர்தான், நடையழகு உள்ளவர் என்று பொருள் வரும். ஆப்கானிஸ்தானை ஆண்ட அமீர் அப்துர் ரஹ்மானுக்குப் பிடிக்காமல் போய்க் குடும்பத்தையே நாட்டைவிட்டு விரட்டியபோது பையனுக்குப் பதினாறு, பதினேழு வயது. கராச்சி, பாக்தாத், பிறகு டமாஸ்கஸ். இருபது வருஷம் வெளியூர் வாசம். துருக்கி மொழி படித்தார், அஸ்மா ரஸ்மியா என்ற சிரியப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார், 1896ல் இஸ்தான்புல் போய் ஜமாலுத்தீன் ஆப்கானி என்ற இஸ்லாமியச் சிந்தனையாளரோடு ஏழு மாதம் இருந்தார். அந்த ஏழு மாதப் பேச்சு எழுபது வருஷப் பயணத்துக்குச் சமம் என்று பின்னால் சொன்னாராம். விடுதியில் உன்னோடு விளக்கு அணைத்த பிறகும் பேசிக்கொண்டிருந்த ராத்திரிகள் எனக்கு ஞாபகம் வந்தன.

அப்துர் ரஹ்மான் 1901ல் செத்தார், மகன் ஹபீபுல்லா இவர்களைத் திரும்பக் கூப்பிட்டார். வந்த மனிதர் பத்திரிகை நடத்த ஆசைப்பட்டார். எந்த நிலைமையில் என்று கேள். 1906ல் ஒரு பத்திரிகை ஒரே ஒரு இதழோடு நின்றுபோயிருந்தது. அரசியல் சட்டம் வேண்டும் என்று ரகசியமாகக் கூடியவர்களை, அதில் காபூல் ஹபீபியா பள்ளி வாத்தியார்களும் உண்டு, 1909ல் அமீர் பிடித்துச் சிலரைக் கொன்றார், சிலரைச் சிறையில் போட்டார். அதற்கு இரண்டே வருஷம் கழித்து, அதே அமீரின் அனுமதியோடு, 1911 அக்டோபரில் தார்ஸி 'சிராஜுல் அக்பார்' பத்திரிகையைத் தொடங்கினார். மாதம் இரண்டு இதழ், பாரசீக மொழியில். எழுத்துத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய நாட்டில் ஏழு வருஷத்துக்கு மேல் நடத்தினார்! தந்தி என்றால் என்ன, படிப்பு ஏன் வேண்டும், தேசம் என்றால் எது, எல்லாம் எழுதினார். 1879 கண்டமக் ஒப்பந்தத்திலிருந்து ஆப்கானிஸ்தானின் வெளிநாட்டு உறவுகள் ஆங்கிலேயர் கையில் இருந்தன, பதிலுக்கு அமீருக்கு வருஷா வருஷம் மானியம். அந்த அமீரின் அச்சகத்திலேயே அடித்த பத்திரிகையில், நமக்கு முழு சுதந்திரம் வேண்டும் என்று எழுத எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! பாங்கு அழைப்பின் ஒரு வரியைத் தலைப்பாக வைத்து அப்படி ஒரு கட்டுரை எழுதியபோது அமீர் அதை வெளிவர விடவில்லை. நேரம் கெட்டுக் கூவுகிற சேவலின் தலையை அறுக்க வேண்டும் என்று அமீர் சொன்னதாக ஒரு கதை உண்டு.

அப்புறம், நீ துள்ளப் போகிற செய்தி. இந்த மனிதர் பிரெஞ்சு நாவலாசிரியர் ஜூல் வெர்னை மொழிபெயர்த்திருக்கிறார்! '80 நாட்களில் உலகைச் சுற்றி', 'கடலுக்கடியில் 20,000 லீக்', 'மர்மத் தீவு', எல்லாம் துருக்கியிலிருந்து பாரசீகத்துக்கு. நான்கு பக்கமும் நிலம் சூழ்ந்த நாடு, அங்கே பெரும்பாலோர் கடலைப் பார்த்தே இருக்க மாட்டார்கள், அவர்களுக்கு நீர்மூழ்கிக் கப்பல் கதை. எட்டாம் வகுப்புப் பெண்களை மொட்டை மாடியில் உட்காரவைத்து அந்தக் கப்பல் தலைவன் நெமோவின் கதை சொல்லி, கணக்கு வகுப்பைக் கெடுத்துவிட்டாய் என்று நீ வாங்கிக்கட்டிக்கொண்டாயே, அன்றைக்கு இவரைத் தெரிந்திருந்தால் எடுத்துக் காட்டியிருக்கலாம்.

உன் செண்பகராமன் பிள்ளையும் இதில் வருகிறார், விட்டுவிட்டேன் என்று சண்டைக்கு வராதே. 1915 டிசம்பரில் ஆங்கிலேயரை எதிர்த்து ராஜா மகேந்திர பிரதாப் காபூலில் அமைத்த நாடுகடந்த இந்திய அரசு இருக்கிறதே, பெர்லினில் இருந்த நாஞ்சில் நாட்டுக்காரருக்கு வெளியுறவுப் பொறுப்பு என்று நீ பெருமை அடித்துக்கொள்வாயே, அது அமைந்தது தார்ஸியின் பத்திரிகை நடந்துகொண்டிருந்த அதே ஊரில்தான்.

1919 பிப்ரவரியில் ஹபீபுல்லா வேட்டைக்குப் போன இடத்தில் கூடாரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். மகன் அமானுல்லா பட்டத்துக்கு வந்தார். அவர் தார்ஸியின் மாப்பிள்ளை, மகள் சுரய்யாவைக் கட்டியவர். தார்ஸி வெளியுறவு அமைச்சர் ஆனார். மே மாதம் சண்டை, ஆங்கிலேய விமானம் காபூல் மேல் குண்டு போட்டது, ஆகஸ்ட் 8 அன்று ராவல்பிண்டி ஒப்பந்தம். அதன் பிறகுதான் முசௌரி. மூன்று மாதம் பேசியும் அங்கே உடன்படிக்கை ஆகவில்லை, 1921 நவம்பர் 22 அன்று காபூலில்தான் கையெழுத்தானது.

அந்த மூன்று மாதத்துக்கு நடுவில்தான் கூடை. எவ்வளவோ தலைவலி இருந்திருக்கும், வரிக்கு வரி வாதாடிக்கொண்டிருந்த மனிதருக்கு. அதே ஓட்டலில் உடம்பு சரியில்லாத ஒரு அம்மா, தங்களால் மகனைப் பிரிந்து இருக்கிறாள் என்பது அவர் மனதில் தைத்திருக்கிறது. சின்ன வயதில் வீட்டோடு துரத்தப்பட்டவர் இல்லையா, அதனால்தான் என்று நான் நினைக்கிறேன்.

இனி நான் எழுதுவது உனக்குக் கஷ்டமாக இருக்கும், எனக்கும் இருந்தது. 1921ல் அஸ்மா ரஸ்மியா பெண்களுக்காக 'இர்ஷாதே நிஸ்வான்' என்ற பத்திரிகை நடத்தினார். அதே வருஷம் அவரும் சுரய்யாவும் முன்னின்று காபூலில் பெண்கள் பள்ளி திறந்தார்கள். 1928ல் பெண் பிள்ளைகளைத் துருக்கிக்குப் படிக்க அனுப்பினார்கள். சீர்திருத்தத்தில் மருமகன் அமானுல்லாவின் அவசரம் தார்ஸிக்குப் பிடிக்கவில்லை, முதலில் படையையும் நிர்வாகத்தையும் பலப்படுத்து என்று சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. 1929 ஜனவரியில் அமானுல்லா பட்டத்தை இழந்தார், எல்லாம் கவிழ்ந்தது. தார்ஸி அறுபத்து மூன்று வயதில் மறுபடி அகதி. ஈரான் வழியாக இஸ்தான்புல். அங்கேயே 1933 நவம்பர் 22 அன்று இறந்தார். உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்ட அதே தேதி சரசு, சரியாகப் பன்னிரண்டு வருஷம். அந்த ஊரின் ஐயூப் பகுதியில் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

2021லிருந்து ஆப்கானிஸ்தானில் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குப் பள்ளி கிடையாது. முப்பத்தொரு வருஷம் பெண்கள் பள்ளியில் இருந்தவள் நீ, உனக்கு நான் என்ன சொல்ல. நூறு வருஷத்துக்கு முன்னால் திறந்த கதவு. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டேன், யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, இவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

சரி, விஜயாவின் தம்பி வெள்ளிக்கிழமை நாகர்கோவில் வருகிறான். மாதுளை, கொய்யா, கொஞ்சம் நெல்லிக்காய், ஒரு கூடையில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். மல்லிகை மேலே ஈரத்துணியில் இருக்கும், வந்ததும் பிரித்துவிடு. எல்லாம் அம்மாவுக்கு, நீ தொடாதே.

உன்,
கமலா