ரேடார் படமும் துறைமுகப் பதிவேடும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கடலைக் கண்காணிப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, 2024 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வை எடுத்துக்காட்டுகிறது. உலகின் பெரிய மீன்பிடிக் கப்பல்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு பொதுக் கண்காணிப்பில் தென்படுவதில்லை என்பதும், அவற்றுள் பெரும்பகுதி ஆப்பிரிக்காவையும் தெற்காசியாவையும் ஒட்டி இயங்குகிறது என்பதும் அதன் முடிவுகள். ஆனால் தங்கள் கட்டுரையாளர் அக்கப்பல்கள் அனைத்தையும் சட்டத்தை மீறியவை என்றே எழுதிவிட்டார். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. பொதுக் கண்காணிப்பில் தென்பட, கப்பல் தன் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் அறிவிக்கும் தானியங்கி அடையாளக் கருவி வேண்டும்; அதைப் பொருத்தும் கட்டாயம் எல்லா நாடுகளிலும் எல்லாப் படகுகளுக்கும் கிடையாது.

குற்றம் எப்படி நிறுவப்பட வேண்டும் என்பதற்கு வடகொரியக் கடற்பகுதி பற்றி 2020இல் வெளியான ஆய்வு நல்ல சான்று. அதை நடத்தியவர்கள் ஒரே வகைப் படத்தை நம்பவில்லை. மேகத்தையும் இருளையும் ஊடுருவும் ரேடார் படம், கணவாய் பிடிக்கும் கப்பல்களின் விளக்கொளியைக் காட்டும் இரவுப் படம், இரண்டிரண்டாகச் செல்லும் இழுவைக் கப்பல்களை (நம் கரையில் இரட்டைமடி என்போமே, அதே முறை) அடையாளம் காட்டும் பகற்படம், கப்பல்களின் அடையாளச் சமிக்ஞை ஆகிய நான்கையும் ஒப்பிட்டுத்தான், சீனாவிலிருந்து வந்த கப்பல்கள் 2017இல் 900க்கு மேலும், 2018இல் சுமார் 700ம் அங்கே மீன்பிடித்தன என்று கணக்கிட்டார்கள். வடகொரியக் கடலில் அயல்நாட்டுக் கப்பல்கள் மீன்பிடிப்பதற்கு ஐ.நா. பாதுகாப்புச் சபையின் தடை நடப்பில் இருந்ததால்தான் அதைச் சட்டமீறல் என்று சொல்ல முடிந்தது. அக்கப்பல்களோடு போட்டியிட முடியாமல் ரஷ்யக் கடல்வரை தள்ளப்பட்ட வடகொரியர்களின் சிறு மரப்படகுகள் ஜப்பான் கரையில் ஆளின்றியும் சடலங்களோடும் ஒதுங்கிய கொடுமையை எண்ணும்போது, இத்தகைய கண்காணிப்பு எவ்வளவு அவசியம் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

நம் கடலிலும் இதைச் செய்ய வேண்டும். ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோள் எடுக்கும் ரேடார் படங்கள் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் சுமார் 15 மீட்டருக்குக் குறைவான படகுகள் பெரும்பாலும் தென்படுவதில்லை. மரமும் ஃபைபரும் இரும்பைப் போல ரேடார் அலையைத் திருப்பி அனுப்புவதும் இல்லை. ஆகவே நாட்டுப்படகு மீனவர்கள் இப்படங்களில் ஏறக்குறைய இடம்பெறவே மாட்டார்கள் என்பதையும், படத்தை மட்டும் வைத்துக் கடலில் யார் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று முடிவெடுத்தால் அவர்களின் உழைப்பு கணக்கிலேயே வராது என்பதையும் அதிகாரிகள் உணர வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மட்டுமே தடை என்பதாலும், படத்தில் தென்படக்கூடியவை பெரும்பாலும் அவையே என்பதாலும், அந்த 61 நாட்களின் படங்களிலிருந்து இப்பணியைத் தொடங்கலாம். மற்ற மாதங்களில், விசைப்படகுகளுக்கு டோக்கன் (கடலுக்குச் செல்லும் அனுமதிச் சீட்டு) வழங்கும் துறைமுகங்களின் பதிவேடுகளோடு படங்களை ஒப்பிட்டு, கிடைக்கும் விவரத்தை மாவட்டவாரியாக மீன்வளத் துறை வெளியிட வேண்டும்; அதற்கு முன் அந்தந்த ஊர் மீனவர் சங்கங்களிடம் காட்டி விளக்கம் பெற வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தூத்துக்குடி