ஆண்டறிக்கை: 413 ஆம் படையணியோடு ஒரு வருடம்

தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே, வணக்கம்.

இந்த வருடம் ஒரே விடயத்தை எடுத்து ஆழமாகப் படிப்பது என்று சென்ற பொதுச்சபையில் தீர்மானித்தோம். 1942 இல் இலங்கைக் கடலை வேவு பார்த்த கனடிய விமானப்படையின் 413 ஆம் படையணியை எடுத்துக்கொண்டோம். திருகோணமலையில் இருந்துகொண்டு கனடாக்காரரைப் பற்றி ஏன் என்று அன்று சிலர் முணுமுணுத்தது ஞாபகம் இருக்கிறது. வருடம் முடிவதற்குள் அவர்கள்தான் முன்வரிசையில் இருந்தார்கள்.

படையணி 1941 இல் ஸ்கொட்லாந்தில் அமைந்தது. அவர்களுடைய கட்டலினா, நீரில் இறங்கி நீரிலிருந்தே எழும் விமானம். ஓடுபாதை தேவையில்லை என்பதால் காலிக்குப் பக்கத்துக் கொக்கல வாவி போதுமாயிற்று. வேகம் குறைவுதான், ஆனால் ஒரு நாள் முழுக்கக் கடல்மேல் நிற்கும்.

ஏப்ரல் 4 ஆம் திகதிக் கதை எல்லோருக்கும் தெரியும். இலங்கைக்கு வந்து இரண்டே நாளான படையணியின் விமானி லியனார்ட் பேர்ச்சல் விடியுமுன் புறப்பட்டார். திரும்ப வேண்டிய நேரத்தில், நிலவு எழுந்தால் இருக்கும் இடத்தைச் சரியாகக் கணிக்கலாம் என்று சற்றுத் தாமதித்தார்கள். அப்போதுதான் தொடுவானில் கப்பல்கள் தெரிந்தன. கிட்டப் போய்ப் பார்த்தால் யப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்கள். செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே யப்பானியரின் சீரோ போர்விமானங்கள் சுட்டு வீழ்த்தின. ஒன்பது பேரில் மூவர் இறந்தனர். மற்றவர்கள் மூன்று வருடத்துக்கு மேல் யப்பானியச் சிறையில் கிடந்தார்கள்.

'இலங்கையின் இரட்சகர்' என்று பிற்பாடு பேர்ச்சலுக்குப் பெயர் வந்தது. கொழும்புத் துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் முன்கூட்டியே வெளியேறியது உண்மை. ஆனால் மறுநாள் காலை யப்பானிய விமானங்கள் கொழும்புக்கு மேல் வந்தபோது இரத்மலானை விமானத்தளத்தில் பிரித்தானியரின் ஹரிக்கேன் போர்விமானங்கள் தரையிலேயே நின்றன. கண்டு சொல்வது ஒருவர் வேலை, கேட்டு எழும்புவது இன்னொருவர் வேலை. இதில் நம் குழுவுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை.

எனக்கு நெஞ்சில் நிற்பது ஏப்ரல் 9. அன்று நமது ஊரின்மேல் குண்டு விழுந்த காலையில், அதே படையணியின் இன்னொரு கட்டலினா அந்தக் கப்பற்படையைக் கண்டது. ரே தோமஸ் ஓட்டினார். செய்தி பாதியில் அறுந்தது, ஒருவரும் திரும்பவில்லை. முதல் நாளே ஒரு கட்டலினா எச்சரித்திருந்ததால் துறைமுகத்தைவிட்டுத் தெற்கே போன பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ், தன்னிடம் ஒரு விமானமும் இல்லாமல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. எண்ணெய்க் குதங்களைக் காட்டி வெளியூராருக்குக் கதை சொல்லும் நாம், தோமஸின் ஆட்களை ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறோமா?

கொக்கலப் பயணத்தைப் பற்றி: வாடகை வான் அரைவழியில் நின்றுவிட்டது. பொழுது சாயும் நேரத்தில்தான் வாவியை அடைந்தோம். பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை, தண்ணீரும் தென்னையும்தான். ஆனாலும் யாரும் சீக்கிரம் வாகனத்தில் ஏறவில்லை. படையணியின் சின்னத்தில் யானைத் தலை இருக்கிறது, இலங்கை நினைவாக வைத்தது என்று அங்கே நின்று சொன்னபோது பிள்ளைகள் கைதட்டினார்கள்.

சரி, கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா நிலுவை வைத்திருப்போர் தேநீருக்கு முன் அவரைச் சந்திக்கவும். வரும் ஏப்ரல் 9 அன்று தோமஸ் குழுவுக்காக ஒரு சிறு நினைவுகூரல் நடத்தும் பிரேரணையைச் சபையின் முன் வைக்கிறேன்.

செயலாளர்