ஒன்பதாம் எண் சட்டை: கிரிக்கெட் வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

2023 மார்ச் 26 அன்று மும்பை பிரபோர்ன் மைதானத்தில் நடந்த முதல் மகளிர் பிரீமியர் லீக் இறுதிப் போட்டியில், ஆட்டமிழக்காமல் 60 ரன் எடுத்து மும்பை இந்தியன்ஸுக்குக் கோப்பையை வென்று தந்தவர் இங்கிலாந்தின் நாட் ஸிவர்-பிரன்ட். அந்த இரட்டைப் பெயரின் பின்பாதி, முந்தைய ஆண்டு அவர் மணந்துகொண்ட சக வீராங்கனை கேத்தரின் பிரன்டினுடையது. எதிரே டெல்லிக்கு ஆடிய மரிசான் காப், தென்னாப்பிரிக்க மகளிர் அணியின் கேப்டனாக இருந்த டேன் வான் நீகெர்க்கை 2018-இல் மணந்தவர். நீங்கள் நடத்தும் போட்டியில், நம் ஊர் ரசிகர்களின் முன்னால், இவர்கள் எதையும் மறைக்காமல் ஆடுகிறார்கள். அதனால் ஆட்டத்துக்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை.

ஆனால் 2008 முதல் நடந்துவரும் ஐபிஎல்லில், தான் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்ன இந்திய வீரர் ஒருவர்கூட இல்லை. ஏன் இல்லை என்பது கீழ்மட்ட கிரிக்கெட் ஆடிய எவருக்கும் தெரியும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய கிளப் அணிக்கு நான் கேப்டனாக இருந்தேன். எண் பொறித்த சட்டைகள் வந்திறங்கிய நாளில் பையன்கள் முண்டியடித்து 7-ஐயும் 10-ஐயும் 18-ஐயும் எடுத்துக்கொண்டார்கள். 9 மட்டும் பெட்டியின் அடியிலேயே கிடந்தது. "ஒம்போது" என்பது நம் தெருக்களில் எப்படிப்பட்ட வசை என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. கடைசியில் அந்தச் சட்டையை, அதிகம் பேசாத ஓர் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளன் மீது வீசியெறிந்து எல்லோரும் சிரித்தார்கள். அவன் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். அந்த சீசன் முழுவதும் கேட்ச் நழுவினால் அந்த எண், விக்கெட் விழுந்தாலும் அந்த எண். அடுத்த சீசனுக்கு அவன் வரவில்லை. தடுத்திருக்க வேண்டிய நான் வாய் திறக்கவில்லை.

2019 பிப்ரவரியில் செயின்ட் லூசியா டெஸ்டில், வெஸ்ட் இண்டீஸ் பந்துவீச்சாளர் ஷானன் கேப்ரியலிடம் இங்கிலாந்து கேப்டன் ஜோ ரூட், "அதை வசையாகப் பயன்படுத்தாதே, தன்பாலீர்ப்பாளராக இருப்பதில் தவறேதும் இல்லை" என்று சொன்னது ஸ்டம்பை ஒட்டி வைக்கப்படும் மைக்கில் பதிவானது. கேப்ரியலுக்கு நான்கு ஒருநாள் போட்டிகளில் ஆடத் தடை விதிக்கப்பட்டது. அந்தப் பதிவைக் கேட்டபோது எனக்கு அந்தச் சட்டைதான் கண்ணில் நின்றது. அதற்கும் எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2011-இல், இங்கிலாந்து விக்கெட் கீப்பர் ஸ்டீவன் டேவிஸ் தான் தன்பாலீர்ப்பாளர் என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டார். அதன் பிறகும் அந்நாட்டின் உள்நாட்டுப் போட்டியான கவுன்டி கிரிக்கெட்டில் பல ஆண்டுகள் ஆடினார்.

இது அவரவர் சொந்த விஷயம், ஆட்டத்தில் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். ஐபிஎல் ஒளிபரப்பில் வீரர்களின் மனைவியரையும் குழந்தைகளையும் கேமரா தேடித்தேடிக் காட்டுகிறது. அதை நாமும் மகிழ்ச்சியோடு பார்க்கிறோம். சொந்த வாழ்க்கை ஏற்கெனவே மைதானத்துக்குள் வந்துவிட்டது, சிலருடையது மட்டும் வெளியே நிறுத்தப்படுகிறது. சட்டத்தைக் காரணம் காட்டவும் இடமில்லை: 2018 செப்டம்பர் 6 அன்றே உச்ச நீதிமன்றம் வயது வந்தோரின் ஒப்புதலோடு கூடிய தன்பாலுறவு குற்றமல்ல என்று தீர்ப்பளித்துவிட்டது.

எந்த வீரரும் தன்னைப் பற்றி அறிவிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது அவர் விருப்பம். பதினாறு வயதுக்குட்பட்டோர் முகாமிலிருந்தே இந்த வசைகளை ஒழுங்கு மீறலாகக் கருதி நடவடிக்கை எடுக்கும் பொறுப்பைப் பயிற்சியாளர்களிடமும் கேப்டன்களிடமும் எழுத்து மூலம் ஒப்படையுங்கள். மனம்விட்டுப் பேச விரும்பும் வீரர், தேர்வுக் குழுவின் காதுக்கு எட்டிவிடுமோ என்ற அச்சமின்றி அணுகக்கூடிய ஒருவரை ஒவ்வொரு மாநிலச் சங்கத்திலும் நியமியுங்கள். சீசன் தொடங்கும் முன் கேப்டன்களை அழைத்து விதிமுறைகளை விளக்குகிற கூட்டத்தில் இதற்கும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். எனக்கு யாரும் அதைச் சொல்லித் தரவில்லை.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு முன்னாள் கிளப் ஆட்டக்காரன்