கையெழுத்துக்கு முன் தீர்மானத்தை வாசித்துக் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் மதுரை மாவட்டத்து மேலூர் அருகே உள்ள நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை மத்திய அரசு 2025 ஜனவரி 23 அன்று ரத்து செய்தது. அதற்கு முன்பு சட்டமன்றத் தீர்மானமும் மதுரை தமுக்கம் மைதானம் வரை நடந்த பேரணியும் இருந்தன. அவற்றுக்கும் முன்பு, 2024 நவம்பர் 23 அன்று அரிட்டாபட்டி முதலான மேலூர் வட்டார ஊராட்சிகள் கிராம சபையில் போட்ட தீர்மானங்கள் இருந்தன. அந்தப் பெருமை நம் மாவட்டத்துக்கு என்றைக்கும் உண்டு. ஆனால் தூர்ந்த கண்மாய், உடைந்த மடை, எரியாத தெருவிளக்கு என்று அன்றாடம் போடும் தீர்மானங்களில் பல, தீர்மானப் புத்தகத்தை விட்டு வெளியே வருவதே இல்லை. எழுதும் விதத்திலேயே பாதி தோற்றுவிடுகிறோம்.

கண்மாயையே எடுத்துக்கொள்வோம். 'ஊர்க் கண்மாயைத் தூர்வார வேண்டும்' என்ற ஒரு வரித் தீர்மானத்தை எந்த அலுவலகமும் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ளாது. ஆயக்கட்டு, அதாவது கண்மாய் நீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். ஆக்கிரமிப்பு என்றால் முதலில் வட்டாட்சியர் வழியாக நில அளவை நடக்க வேண்டும். இது தெரியாமல் எல்லாவற்றையும் ஆட்சியருக்கே அனுப்பினால், மனு மேசை மேசையாகச் சுற்றி ஒன்றியத்துக்கே திரும்பி வரும். கண்மாயின் பெயர், புல எண் (சர்வே எண்), எந்த மடை, நீர் வரும் வரத்துக்கால் எங்கிருந்து எங்குவரை மேடிட்டிருக்கிறது, எந்த அலுவலர் எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்ற ஐந்தும் தீர்மானத்திலேயே இருக்க வேண்டும். புல எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடம் முன்பே சரிபார்த்து வைப்பது நல்லது. எண் ஒன்று பிசகினாலும், 'அந்தப் புல எண்ணில் நீர்நிலை இல்லை' என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டம். ஏழு நாள் முன்னதாக அறிவிப்பு தர வேண்டும் என்பது விதி. அறிவிப்பு வந்ததும் கோரிக்கையை எழுத்தில் ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து, நம் நகலில் தேதியோடு ஒப்புதல் கையொப்பம் வாங்கிக்கொள்ள வேண்டும். கூட்டத்தில் எழுந்து பேசினால் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். பொருள் நிரலில் இல்லாததைக் கேட்டுக்கொண்டதாகத் தலையாட்டிவிட்டு விட்டுவிடுவது எளிது.

பெரிய ஓட்டை கையெழுத்தில்தான் இருக்கிறது. கூட்டத்துக்கு, ஊராட்சியின் மக்கள்தொகை 500 வரை என்றால் குறைந்தது 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். இந்தக் கணக்கை நிரப்ப, நூறு நாள் வேலைக்கு வந்தவர்களிடம் காலையிலேயே வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. தீர்மானம் பிறகு எழுதப்படுகிறது. அதில் என்ன இருக்கும் என்று கையெழுத்திட்ட அம்மாவுக்குத் தெரியாது. இது அவருடைய உரிமையை அவர் கையாலேயே பறிப்பது. முழு வாசகத்தையும் எழுதி, உரக்க வாசித்து, மிச்ச வரிகளைக் கோடிட்டு அடித்த பிறகே கையெழுத்து என்று ஊரார் ஒரே குரலில் நிற்க வேண்டும். பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். வரவு செலவுக் கணக்கான படிவம் 30-ஐயும் அன்றைக்கே கேட்டு வாங்கிப் பாருங்கள்.

தீர்மானத்தின் நகல் வேண்டுமா? தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுச் செய்யுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. 'ஏன் செய்யவில்லை?' என்று கேட்காதீர்கள், அது தகவல் அல்ல என்று தள்ளிவிடுவார்கள். 'இன்ன தேதி, இன்ன எண் தீர்மானத்தின் நகலும், அதன்மீது அனுப்பிய கடிதங்களின் நகலும்' என்று கேளுங்கள்.

2019 டிசம்பரில் தேர்வான ஊராட்சித் தலைவர்கள், உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, ஊராட்சிகள் ஒன்றிய அதிகாரிகளான தனி அலுவலர்கள் கைக்குப் போனதில் இந்தச் சிக்கல் இன்னும் இறுகியது. மதுரை மாவட்டத்தின் 13 ஒன்றியங்களுக்கு 420 ஊராட்சிகள். ஒன்றியத்துக்கு முப்பதுக்கும் மேல். ஒரே நாளில், ஒரே நேரத்தில் நடக்கும் கூட்டங்களில் ஓர் அலுவலர் எத்தனையில் உட்கார முடியும்? தலைவரை வழிமறித்துக் கேட்கவாவது முன்பு முடிந்தது.

எனவே மாவட்ட நிர்வாகத்திடம் ஒரு கோரிக்கை. ஒவ்வொரு கிராம சபைக்குப் பிறகும் ஒரு வாரத்துக்குள், நிறைவேறிய தீர்மானங்களின் முழு வாசகத்தையும், முந்தைய கூட்டத் தீர்மானங்கள் எந்த அலுவலரிடம் நிற்கின்றன என்ற விவரத்தையும் ஊராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்ட ஆணையிட வேண்டும்.

இப்படிக்கு,
மேலூர் வட்டார வாசகர்